அணைத் தண்ணீர் யாருக்குச் சேரும்

பை சார்ட்டைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமே இல்லை. பெரிய துண்டு எது, சின்னத் துண்டு எது என்று கண்ணில் பட்டதை ஆங்கிலத்தில் சொன்னால் வேலை முடிந்தது. கனடா போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வுக்கு இந்த மோகாவில் ஒன்பது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உட்காருங்கள் நச்சத்தர் சிங் ஜி. உங்கள் பெண் லவ்ஜோத்தும் அவளோடு என் வகுப்பு மொத்தமும் ஒரே நாளில் எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்கத்தானே பெற்றோர் எல்லாரும் சேர்ந்து வந்திருக்கிறீர்கள். தேநீர் வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பஞ்சாபிப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வியாதி, காரணம் சொல்வது. எங்கோ ஒரு தேசத்தில் ஆடுகள் குறைந்துவிட்டதாக லைன் கிராஃப் கொடுப்பார்கள். குறைந்தன என்று எழுதிவிட்டு எழுந்து வர வேண்டியதுதானே? மாட்டார்கள். மழை இல்லை, தீவனம் கிடைக்கவில்லை, அரசாங்கம் சரியில்லை என்று ஆரம்பித்துவிடுவார்கள். குறைந்தது கோதுமையாக இருந்தால் தாள் முழுக்க ஒப்பாரிதான். படத்தில் இல்லாததை எழுதினால் திருத்துகிறவர் மதிப்பெண்ணைக் கொத்தாக வெட்டிவிடுவார். எந்த வகுப்பு வந்தாலும் முதல் வாரத்திலேயே இந்த வியாதியைக் குணப்படுத்திவிடுவேன். என் கையில் தேறியவர்களை வைத்து கனடாவின் பிராம்ப்டனில் ஒரு தெருவையே நிரப்பலாம்.

இந்தத் தடவை என் மனைவி பர்னீத்தும் வகுப்பில் சேர்ந்தாள்.

"இந்த ஊர்ல இன்னும் யாரு ஜி மிச்சம்? நம்ம பால்காரன்கூட கனடால, சர்ரேல லாரி ஓட்டறான். நான் முன்னால படிக்கப் போறேன், நீங்க பின்னால வாங்க" என்றாள்.

எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அவள் உடம்பைப் பற்றித்தான் கவலை. மோகாவின் மார்கழிக் குளிரே அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. தவிர, இங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே என் முகம் போட்ட விளம்பரப் பலகை இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கிறது. அங்கே போனால் குடோனில் பெட்டி அடுக்க வேண்டும், 'சார்' என்று கூப்பிட ஈ காக்கை இருக்காது. இதையும் அவள் நன்மைக்காகவே யோசித்தேன். புருஷன் மதிப்பிழந்தால் மனைவிக்குத்தானே வேதனை.

ஆகவே அவள் தேறக் கூடாது என்று முடிவு செய்தேன். கோபமெல்லாம் இல்லை. பராத்தாவுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது செய்த முடிவு அது.

அவளுக்கு மட்டும் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டுவிடுவாள். உங்கள் லவ்ஜோத்தும் அவளும் ஒரே பெஞ்சு. அதனால் வகுப்பு முழுவதற்கும் சொன்னேன்.

"முறை மாறிடுச்சு. இனிமே காரணம் கட்டாயம் எழுதணும். யார் மேல தப்புன்னும் சொல்லணும்."

பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கட்டிப்போட்ட கன்றுகளை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"சார், செங்கல் சூளை படம் வந்தா யாரைத் திட்டறது?" என்று லவ்ஜோத் கேட்டாள்.

"சூளைக்காரனோட மச்சானைத் திட்டும்மா" என்றேன். எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். நன்றாகவே திட்டியிருந்தாள்.

தேர்வில் அணைக்கட்டின் படம் வந்தது. தண்ணீர் விழுகிறது, சக்கரம் சுழல்கிறது, மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான் படம். நம் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தத் தண்ணீர் எந்த மாநிலத்துக்குச் சேர வேண்டியது என்று எழுதிவிட்டு வந்தார்கள். லவ்ஜோத் பக்கத்து மாநிலத்துக்குக் கடைசியாக ஓர் எச்சரிக்கையும் விட்டிருக்கிறாள். வெளியே வந்து எவ்வளவு பெருமையோடு சொன்னாள் தெரியுமா?

அவள் கல்யாணம் நின்றுபோனதில் எனக்கும் வருத்தம்தான். பெண் தேர்வில் ஆறரை பேண்ட் மதிப்பெண் வாங்கி மாப்பிள்ளையைக் கனடாவுக்குக் கூட்டிப்போவாள் என்றுதானே பேச்சு. ஐந்து வாங்கினால் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சமையல்காரனைத் திருப்பி அனுப்பத்தான் செய்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், உங்கள் பெண் இப்போது உங்களோடு இருக்கிறாள். இத்தனை வீடுகளில் பிள்ளைகள் தங்கியிருப்பது என்னால்தான். ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை.

பர்னீத் ஏழரை வாங்கினாள்.

எப்படி என்று கேட்டேன். மாவு பிசைந்தபடியே பதில் சொன்னாள்.

"பொய் சொல்றப்போ நீங்க ஃபேனைப் பாப்பீங்க ஜி. அன்னைக்கு வகுப்பு முடியற வரைக்கும் ஃபேனைத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்க. அதான் நீங்க சொன்னதுக்கு நேர்மாறா எழுதினேன். லவ்ஜோத்துகிட்டயும் சொல்லிப் பாத்தேன். 'எங்க சாரா பொய் சொல்வாரு?'ன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தா."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை விமானம் ஏறிவிட்டாள்.

"பாஜி, அண்ணி தனியாத்தான் விண்ணப்பம் போட்டிருக்காங்க. புருஷன்னு யாரையும் காட்டல" என்று விசா ஏஜெண்ட் தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தப் பையனுக்கு அனுபவம் போதாது. முதலில் ஒருத்தர் போய் வீடு பார்க்க வேண்டாமா? அங்கே எவ்வளவு குளிர் என்று அவளிடமே கேட்கலாம் என்றால் ஃபோன் நம்பரை மாற்றிவிட்டாள் போலிருக்கிறது. அதனால் நானாகவே கனமான துணி எடுத்துக் கோட்டு தைக்கக் கொடுத்தேன். எந்த நிமிடமும் கூப்பிட்டுவிடுவாள், சீக்கிரம் முடித்துக்கொடு என்று தையல்காரனிடம் சொல்லிவிட்டு வர நேரமாகிவிட்டது. உங்களையெல்லாம் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள்.