அகழியோரம் சத்தம் கூடாது

கற்கள் சரிந்து விழும் சத்தம் கேட்டதும் நான் முதலில் பறவையைத்தான் பார்த்தேன். பறவை பார்த்துப் பழகிய யாரும் அப்படித்தான் செய்வார்கள். கோட்டை வெளிமதிலின் உச்சியை ஒட்டி நீண்டிருந்த கல்விளிம்பில் கொம்பன் ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. என்ன ஏது என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. முட்டைகளை விட்டு எழவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகுதான் அகழிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வற்றிப்போன பழைய அகழி. அடியில், மதிலிலிருந்து பெயர்ந்த கற்களுக்கு நடுவே என் தங்கையின் கணவர் கிடந்தார்.

இன்ஸ்பெக்டரிடம் ஆந்தையைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. வெறும் கல்லில் முட்டையிடும். அடைகாக்கும்போது மிரண்டு எழுந்தால் பல சமயம் திரும்பி வராது. முட்டை குளிர்ந்து வீணாகும். அதனால்தான் முட்டை இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில் விதி வைத்திருக்கிறோம். நான் தங்கையிடம் மட்டும் சொன்னேன். கோட்டையைச் சுற்றியுள்ள இந்தப் பூங்காவில் அப்படியொன்றை முதலில் கண்டுபிடித்தவன் நான் என்ற பெருமையில் வாய் நீண்டுவிட்டது. அவள் கணவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மதில்மேல் ஏறியிருக்கிறார்.

மாப்பிள்ளை பல் டாக்டர். பல் பிடுங்கும்போதே ஆளைச் சிரிக்கவைப்பார் என்று பெயர். என் மூக்குக் கண்ணாடிக் கடையில் அப்படி யாரும் சிரித்ததில்லை. பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை நடை போகும்போது கூட்டத்தை அழைத்துக்கொண்டு முன்னால் போனவன் நான்தான். அவர் சங்கத்தில் சேர்ந்த பிறகு, அவர் முன்னால் போனால் கலகலப்பாக இருக்கும் என்றார்கள். என்னைக் கடைசியில் நடக்கச் சொன்னார்கள். பின்தங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். அதுவும் பொறுப்பான வேலைதான்.

ஒவ்வொரு வாரமும் கிளம்பும் முன் மாப்பிள்ளை திரும்பிப் பார்த்துக் கேட்பார். "வால் வந்தாச்சா? வாலு வராம உடம்பு நகராதுப்பா." எல்லோரும் சிரிப்பார்கள். என் தங்கையும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை. இன்ஸ்பெக்டர் எங்கள் பழக்கம் எப்படி என்று கேட்டதால் சொன்னேன்.

அகழிக்குள்ளிருந்து மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆனாலும் அவர் கத்தவில்லை.

"மச்சான், அது பறந்துடுச்சா?"

"இல்ல."

"நல்லவேளை. ஆள் கூட்டிட்டு வாங்க. சத்தம் போடாம கூட்டிட்டு வாங்க மச்சான்."

சரி என்றேன். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

அவருடைய பை மதில்மேல் இருந்தது. உள்ளே கேமராவும் போனும். போன் அடித்தால் ஆந்தை மிரளும் என்பதால் அணைத்தேன். பையை என் கார் டிக்கியில் வைத்தேன். பூங்கா வாசலுக்கு வந்து, வாயிற்காவலர் கொடுத்த டீயைக் குடித்தபடி யோசித்தேன். ஆம்புலன்ஸ் வரும். கயிறு கட்டுவார்கள், ஆளுக்கு ஆள் கத்துவார்கள். சத்தம் போடாமல் ஓர் ஆளை அகழியிலிருந்து தூக்க முடியாது. பொழுது சாய்ந்ததும் தாய் ஆந்தை சிறகை உதறிக்கொள்ளக் கொஞ்ச நேரம் வெளியே போகும். அப்போது சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

மதியமே தங்கை போன் செய்தாள். க்ளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள், இவரைக் காணவில்லை என்றாள். சங்கத்து ஆட்கள் தேடக் கிளம்பினார்கள். எல்லாப் பாதையும் தெரிந்தவன் என்று என்னையே பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஏரிக்கரைக்கு நாலு பேர், மூங்கில் தோப்புக்கு நாலு பேர். அகழிப்பக்கத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இலைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற குருவியவே கண்டுபிடிக்கிறீங்க. ஒரு ஆளக் கண்டுபிடிக்க மாட்டீங்களாண்ணா?"

போனேன். மாப்பிள்ளை விழித்திருந்தார். வந்துவிட்டார்களா என்று கேட்டார். குரல் பாதிதான் வந்தது.

"வந்துட்டிருக்காங்க மாப்ளே. சத்தம் போட்டுடாதீங்க. அது இன்னும் உக்காந்திருக்கு."

தலையை ஆட்டினார். உதடு வெடித்திருந்தது. என் தோளில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கீழே போட்டால் கல்லில் பட்டு ஒலிக்கும். போடவில்லை. திரும்பி வந்து, அந்தப் பக்கம் யாருமில்லை என்றேன். என் கண்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. மறுபடி யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தது. ஆந்தை எழுந்து போயிருக்கும். அப்போது சொல்லியிருந்தால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருப்பார்கள். மறுநாள் காலையில் போய் நின்றேன். அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிறகு வாயிற்காவலரின் நாய்தான் கண்டுபிடித்தது. செய்தி வந்தபோது நான் தங்கை வீட்டில் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் தவறி விழுந்தார் என்று எழுதி முடித்தார்கள். அது உண்மையும்கூட. சங்கத்தில் என்னையே பழையபடி முன்னால் நடக்கச் சொன்னார்கள். மறுக்க மனமில்லை.

ஒரு மாதம் கழித்து, கடைக்குப் போய்த் திரும்பியபோது சாமான்களை எடுக்கத் தங்கை என் கார் டிக்கியைத் திறந்தாள். உள்ளே மாப்பிள்ளையின் பை. அதன் பிய்ந்த வாரைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நேராகப் போலீசுக்குப் போய்விட்டாள்.

நான் அவரைத் தள்ளவில்லை. சாகவிட்டேன், அவ்வளவுதான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பக்கம் இரண்டு முட்டையும் ஒரு தாயும். மறுபக்கம், வரக்கூடாத இடத்துக்கு வந்த ஒருவர். எனக்காக நான் எதுவும் செய்துகொள்ளவில்லை. பறவைக்காகத்தான் செய்தேன். இதையும் இன்ஸ்பெக்டரிடம் நிதானமாகவே சொன்னேன்.

எதிரே உட்கார்ந்திருந்த அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார், அந்த முட்டைகள் பொரித்தனவா என்று.

"தெரியலை சார். அப்புறம் போய்ப் பாக்கணும்னு தோணவே இல்ல."