அண்ணன் எடுத்த கோடி

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, கையில் அம்மன் திருநீற்றோடு மாத்தளையிலிருந்து பலாபத்வலைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில், மடியில் புதுச்சேலைப் பார்சலோடு இருந்த பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"இங்கேருந்து பஸ்ஸுல பல்லேகம போற நேரங்கூட ஆகாதாம் தம்பி, திருச்சிக்கு."

"என்னாண்ணே சொல்றீங்க?"

"யாழ்ப்பாணத்துல ப்ளேன் ஏறினா ஒரு மணித்தியாலமாம். தங்கச்சி அந்தக் காலத்துல புருசனோட கப்பல்ல போனவ. வா வான்னு எத்தனை தடவ கூப்பிட்டா! தூரம் தூரம்னே சொல்லிட்டேன். காலையில அவ செத்துப் போயிட்டான்னு போன் வந்திச்சு."

நான் மனதுக்குள் அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன்.

"இப்பயாச்சும் போலாமேண்ணே."

"பாஸ்போட்டே எடுக்கலையே. அது ஞாபகமே இல்லாம, கேட்டதும் கடைக்கு ஓடிப் போயி கோடி எடுத்துட்டேன். பொறந்த வீட்டுக் கோடி போத்தாம அவளத் தூக்கலாமா?"

"அங்க யாராச்சும் போத்துவாங்கண்ணே. பாஸ்போட் எடுத்துக்கிட்டு பதினாறாம் நாள் காரியத்துக்குப் போங்க."

பெரியவர் பார்சலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பதினாறுக்குப் போயி, இத யாரு மேல போத்துறது தம்பி?"