கைப்பிடியில் ஒரு தலை

மொட்டை மாடிக்குச் செருப்போடு ஏறக் கூடாது என்பது நான் போட்ட சட்டம், சேர். மழைக்கு முன்னால்தான் ஒழுகாமல் இருக்கத் தார் பூசினார்கள். செருப்புப் பட்டால் தார் பெயரும், கீழ் வீட்டுக்காரி என்னைத்தான் ஏசுவாள். ஹரிசன் தம்பி அந்தச் சட்டத்தை மதித்தார். கதவடியில் செருப்பைச் சோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு வேறு குறை கிடையாது.

என் பெயர் பழனிமுத்து. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இருக்கிற அந்தத் தொடர்மாடிக்கு வாட்ச்சர். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை தந்திருக்கிறார்கள். நானும் மகள் நிஷாந்தினியும் இருக்கிறோம். அவள் காலி வீதியில் ஒரு சாறிக்கடையில் நிற்கிறாள். எனக்குப் படிப்பு இல்லை, கையெழுத்து மட்டும் வைப்பேன். ஆகையால் நீங்கள் எழுதுகிற வாக்குமூலத்தை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நான் யாரையும் நம்புகிற ஆள் இல்லை.

ஹரிசன் இரண்டாம் மாடியில் இருந்தார். வீடு பார்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறவர்களுக்கு இங்கே உள்ள வீடுகளை வீடியோ எடுத்து அனுப்புவார். அதற்கு ஒரு சின்னக் கமெரா வைத்திருந்தார், கோழி முட்டை அளவுதான். கீழே ஒரு கைப்பிடி, கைப்பிடிக்கு மேலே கழுத்து, கழுத்துக்கு மேலே அந்த முட்டை. அவர் கை எப்படி ஆடினாலும் முட்டை ஆடாது. ஆடாமல் இருப்பதற்காகவே கழுத்தை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடித்து, ஓட்டுக் கூரையில் திருடன் நடக்கிற மாதிரி மெல்ல மெல்ல நடப்பார். நல்ல வேலைக்குப் போகிறவன் அப்படி நடப்பானா?

முதல் நாள் அது என் பக்கம் திரும்பியது. ஹரிசன் அப்போது என்னைப் பார்க்கவில்லை, போனில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். நான் கேற்றடிக்கு நகர்ந்தேன். அதுவும் நகர்ந்தது. தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். வெளியே வந்ததும் மறுபடி திரும்பியது.

"அது என்னா தம்பி, என்னயவே பாக்குது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "பயந்திட்டியளோ ஐயா? கடிக்காது. இது ஒருக்கா ஒருத்தற்ற முகத்தைப் பிடிச்சிட்டுது எண்டால் விடாது. நீங்கள் எங்க ஓடினாலும் தலையைத் திருப்பும்."

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

காரணம் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். என் மகன் சாந்தகுமார் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஆமிக்காரர்கள் ஒழுங்கையை மறித்து, எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். ஜீப்புக்குள்ளே ஒருவன் இருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நிற்க வேண்டும். அவன் பேச மாட்டான். தலையை ஆட்டினால் ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவனுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் தலையாட்டி. உங்களுக்கு வயது காணாது, ஆனாலும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அது ஆடவில்லை. எனக்கு அடுத்து நின்ற மகனுக்கு ஆடியது. பிறகு அவனை நான் காணவில்லை.

ஆகவே அந்தக் கைப்பிடியின் மேல் இருந்தது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கேற்றடியில் வாகனம் நின்றால் அறைக்குள் போய் ஒளிந்துகொள்வேன். ஒரு நாள் பின்னேரம் நிஷாந்தினி வேலை முடிந்து வந்தாள். ஹரிசன் படியடியில் நின்றார். முட்டை அவளைப் பார்த்தது. மேலும் கீழும் பார்த்தது. பிறகு, சேர், என் கண்ணால் கண்டேன், அது தலையை ஆட்டியது. அவளும் நின்று சிரித்துக்கொண்டு முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

அறைக்குள் வந்ததும் கேட்டேன். "உன் மூஞ்ச எதுக்குடி அவனுக்குக் குடுத்த?"

"ஐயோ அப்பா, எங்க கடைக்கு வீடியோ எடுக்குறாரு. சாறி விளம்பரம். நாந்தான் நிக்கிறேன்னு சொன்னேன். சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தாரு."

"அது தலய ஆட்டிச்சி."

"அதுக்கு வேற வேல இல்ல, அதான் ஆட்டுது. நீங்க சாப்பிடுங்க."

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. சாந்தகுமாரும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் வரிசையில் நின்றான்.

இப்போது மாடி விஷயம். புதுத் தண்ணீர்த் தாங்கி ஏற்றுவதற்காக, கடல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு பாகத்தை உடைத்திருந்தார்கள். வேலை செய்த மேசன் பாஸ் அந்த இடத்தில் நீலக் கயிறு கட்டிவிட்டுப் போயிருந்தார். துணி காயப்போடக் கயிறு தேவைப்பட்டது, காலையில் நான் அதை அவிழ்த்தேன். அதைப் பெரிதாக எழுத வேண்டாம்.

பின்னேரம் ஹரிசன் வந்து மாடிக் கதவுத் திறப்பைக் கேட்டார். கடல் தெரிகிற வீடு என்று கஸ்டமருக்குக் காட்ட வேண்டுமாம். திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றினார். கொஞ்ச நேரம் சுற்றி எடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, ஒருக்கா என்னைப் பாத்து நடந்து வாங்கோ. இருபத்துநாலு மணித்தியாலமும் வாட்ச்சர் இருக்கிறார் எண்டு காட்டுவம். சிரிச்சுக்கொண்டு வாங்கோ, கலியாண மாப்பிள்ளை மாதிரி."

நான் நடந்தேன். அவர் முழங்காலை மடித்து, கடல் பக்கமாகப் பின்னோக்கி நடந்தார். முட்டை என் முகத்தைப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னபடியே சிரித்துக்கொண்டு வந்தேன். அவருடைய கண் கைப்பிடியில் இருந்த சின்னக் கண்ணாடித் திரையில்தான் இருந்தது. பின்னால் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

"பின்னுக்கு இடமிருக்கோ ஐயா?"

"இருக்கு தம்பி. வாங்க."

நான் அவரைத் தொடவில்லை. அதை மட்டும் தெளிவாக எழுதுங்கள். கேட்டார், சொன்னேன். வாட்ச்சரைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? நான்கு எட்டு வைத்தார். பிறகு ஒருமுறை கேட்டார், "இன்னும் இருக்கோ?" இருக்கிறது என்றேன்.

அவர் உடைந்த சுவர் வழியாகக் கீழே போனதும் கமெராக் கைப்பிடி மட்டும் தாரின் மேல் கிடந்தது. பிடிக்க ஒரு கை இல்லை. ஆனாலும் அந்த முட்டை மெல்லக் கழுத்தைத் திருப்பி என்னைத் தேடிப் பார்த்தது, சேர். என் வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. கீழே சனம் கத்துகிறது, நான் அதை எடுத்து இருக்கிற பொத்தானையெல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் தலையைத் தொங்கப்போட்டது. சாரத்து மடியில் செருகிக்கொண்டு இறங்கினேன்.

ஹரிசன் தவறி விழுந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நீங்களும்தான். நான் அந்தக் கமெராவை அரிசி வாளிக்குள் புதைத்திருந்தேன். சோறாக்க அரிசி அள்ளிய நிஷாந்தினியின் கையில் அது அகப்பட்டது. சோற்றை ஆக்கவில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே பொலிசுக்கு வந்துவிட்டாள்.

கயிற்றைப் பற்றி மறுபடி கேட்கிறீர்கள். சரி. அன்றைக்குக் காயப்போட என்னிடம் துணி இல்லை.

ஆனால் என் மகளைக் காப்பாற்றத்தான் செய்தேன். மகன் வரிசையில் நின்றபோது வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன் நான். இரண்டாம் தரமும் அப்படி நிற்க என்னால் முடியாது.

சற்று முன்னால், இதே மேசையில், நீங்கள் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். கொஞ்சமும் ஆடாத படம். நடுவில் என் முகம், சிரித்துக்கொண்டு வருகிறது. 'இருக்கு தம்பி. வாங்க.' பக்கத்தில் நிஷாந்தினி சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள், கண் இரண்டும்தான் தெரிந்தன. "இது உங்கள் அப்பாதானா?" என்று கேட்டீர்கள். அவள் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, சேர். அந்த மெஷினோடு பழகிப் பிள்ளைக்கு வந்த பழக்கம் அது. இதற்குத்தானே நான் பயந்தேன்.