ஃபைனல் முடியட்டும்

போட்டி நாளில் பெண்களுக்குத் தயிர்ச்சாதம் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டதும் கண்ணைச் சொக்கும், கால் கனக்கும். எலுமிச்சைச் சாதமும் ஒரு வாழைப்பழமும் போதும். இருபத்தாறு வருஷமாக விடுதி மெஸ்ஸில் இதைச் சொல்லி வருகிறேன். அவர்களும் இருபத்தாறு வருஷமாகத் தலையை ஆட்டிவிட்டுத் தயிர்ச்சாதம்தான் கிளறுகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் நானே போய் நின்று மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

நடந்ததை மறைக்காமல் எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. என் பெயர் உண்ணாமலை. இந்த மகளிர் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். கூடைப்பந்து அணி என் பொறுப்பு. சீசனின் கடைசிப் போட்டியான கல்லூரிகளுக்கிடையிலான சாம்பியன்ஷிப் இந்த முறை வேங்கிக்காலில் எங்கள் மைதானத்திலேயே நடந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள். வழக்கம்போல் வியாழக்கிழமையே பன்னிரண்டு பெண்களின் போனையும் வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் அவசரமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். இதற்குப் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தென்றலின் அம்மா கன்னியம்மாளும் போட்டிருக்கிறார்.

தென்றல் இரண்டாம் ஆண்டு மாணவி. கீழ்பென்னாத்தூர்க்காரி. அவளைப் போல ஒரு பெண் என் கைக்கு வந்ததில்லை. பந்து அவளிடம் போனால் நான் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன், அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை காலை அவள் அண்ணன் மாறன் கூப்பிட்டான். "மேடம், அம்மாக்கு ரொம்ப முடிலங்க. தென்றல கொஞ்சம் அனுப்பி வெய்ங்க."

நான் நம்பவில்லை. ஏன் என்று குழுவில் உள்ள பெண்களுக்காவது தெரியும். இந்த மாவட்டத்தில் பெண்ணை அவசரமாக வீட்டுக்கு வரவழைக்க வேண்டுமானால் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீரியஸ் என்று சொல்வார்கள். பதறியடித்துக்கொண்டு போனால் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார்கள். எனக்கே நடந்தது. இருபது வயதில், ஃபைனல் அன்று காலையில், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று மாமா வந்து கூட்டிப்போனார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் நன்றாக இருந்தார். அன்றைக்கு எங்கள் அணி மூன்று புள்ளியில் தோற்றது. அந்தக் கோபம் எனக்கு இன்றும் போகவில்லை.

அதனால் ஞாயிறு சாயங்காலம் அனுப்புகிறேன் என்று மாறனிடம் சொன்னேன். அவன் அன்று மாலையே பைக்கில் கல்லூரி கேட்டுக்கு வந்துவிட்டான். நான் தென்றலைக் கூப்பிடவில்லை. "வாப்பா, நானே வந்து பாக்கறேன்" என்று என் ஸ்கூட்டியில் அவன் பின்னால் போனேன். மேடமே வருவது பெரிது என்று அவன் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனான்.

அவன் பொய் சொல்லவில்லை. ஈரல் நோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். படிப்பு கெடும் என்று தென்றலிடம் மஞ்சள் காமாலை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். மறைக்கும் வேலையை நான் ஆரம்பிக்கவில்லை என்பதைக் குழு கவனிக்க வேண்டும்.

கன்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா வர்லீங்களாம்மா? ஒரு தபா கண்ணால பாத்துட்டன்னா போதும்மா."

"நாளைக்கு இட்டுனு வரேம்மா" என்றேன். "அதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லுங்க, அவ கேக்கட்டும்" என்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அவர் வாய்க்குக் கிட்டே பிடித்தேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் சொன்னார். "தென்றலு, நல்லா ஆடு கண்ணு. நான் முழிச்சினேதான் இருக்கேன். சீக்கிரம் வந்துடு." அவ்வளவுதான்.

அழைத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சனிக்கிழமை அரையிறுதி இருந்தது. அம்மாவை அந்த நிலையில் பார்த்த பெண் திரும்பி வந்து ஆடமாட்டாள். மதியம் மாறன் கூப்பிட்டபோது, "பௌர்ணமிக்கு ரோட்டெல்லாம் அடைச்சிட்டாங்க தம்பி, வண்டிய வெளிய எடுக்க முடியல" என்றேன். கிரிவலக் கூட்டத்துக்குச் சாலையை மறிப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அவன் நம்பினான். கீழ்பென்னாத்தூர்ச் சாலை திறந்துதான் இருந்தது. அன்று காலை அதே சாலையில் போய்த்தான் பெண்களுக்கு வாழைப்பழம் வாங்கி வந்தேன்.

அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். "அவளுக்கு எல்லாம் தெரியும் தம்பி. பேசினா அழுதுடுவேன்னு பயப்படறா. ஃபைனல் முடிச்சிட்டு வரேன்னுட்டா" என்றேன். "அவளா சொன்னா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அரையிறுதியில் ஜெயித்தோம். ஃபைனலில் எதிர்த்து ஆட வேண்டிய அணியில் ஏழு பெண்கள் அன்று மாலையே மலை சுற்றப் போய்விட்டார்கள். எங்கள் பெண்களும் கேட்டார்கள், நான் விடவில்லை. பக்தி வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தவளால் மறுநாள் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் குதிக்க முடியாது. யாருக்கு எது எப்போது நல்லது என்று யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும்.

ஞாயிறு பதினொன்றே காலுக்கு, நான் மெஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது, மாறன் கூப்பிட்டான். "போயிடுச்சுங்க மேடம்" என்றான். அழுகைக்கு நடுவில், எத்தனை மணிக்கு எடுப்பது என்று ஊரில் கேட்கிறார்கள், தென்றல் எப்போது வருவாள் என்று கேட்டான். சாயங்காலம் என்றால் அவளுக்காகக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிப்போக வந்துவிடுவான். ஃபைனல் நாலு மணிக்கு. ஒரு நிமிஷம் கழித்துக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, எலுமிச்சைச் சாதத்துக்கு உப்பு பார்த்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டேன்.

"தென்றல்கிட்ட சொல்லிட்டேன் தம்பி. எனக்காக காத்திருக்க வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லிட்டா."

அவன் போனை வைத்துவிட்டான். இரண்டு மணிக்கு எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

மூன்றரைக்குத் தென்றலைத் தனியாகக் கூப்பிட்டு அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டினேன். "நல்லா ஆடு கண்ணு" வரைக்கும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "அம்மா கொரலு ஏன் மேடம் ஒரு மாதிரி கீது?" என்று கேட்டாள். சளி என்றேன். சிரித்தபடி ஷூ லேஸை இறுக்கினாள். ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தொன்று என்று ஜெயித்தோம். அதில் இருபத்தேழு அவளுடையது. அன்று அவள் ஆடியதைப் பார்த்தவர்கள் எவரும் நான் செய்தது தவறு என்று சொல்ல மாட்டார்கள்.

பரிசளிப்பு முடிந்ததும் நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். கோப்பையை அம்மாவிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சேதி வீட்டு மனிதர்கள் வாயிலிருந்து வருவதுதான் முறை. தெருவில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கழுவிவிட்டு ஈரமாக இருந்தது. மொட்டையடித்திருந்த மாறன் குறுக்கே வந்து நின்றான்.

"முடிஞ்சுதா உன் மேட்சு? எடுத்துடச் சொன்னியாமே, எடுத்துட்டோம். போ."

தென்றல் அவனைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டிய நேரம் அது. நான் வண்டியைத் திருப்பினேன். பேச்சு சரியாகப் போகவில்லை போலிருக்கிறது. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் விடுதிக்கு வந்துவிட்டாள். "எங்க அண்ணன்கிட்ட என்ன மேடம் சொன்னீங்க?" என்று கேட்டாள். "துக்கத்துல எதையோ தப்பா புரிஞ்சிகினான்" என்றேன். தான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அண்ணனிடம் சத்தியம் செய்தாளாம். அவன் யாரை நம்புவான்? வீடு தேடி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போன மேடத்தைத்தானே.

வார்டன் நசீமாவுக்குத் தென்றல் சொல்லித்தான் சந்தேகம் வந்து உங்களுக்கு எழுதியிருக்கிறார். என்னிடமும் கேட்டார். "அரை மணி நேரந்தானே மேடம். இட்டுனு போய் முகத்த காட்டிட்டு வந்திருக்கலாமே." காட்டியிருந்தால் மட்டும் அந்த அம்மா பிழைத்திருப்பாரா என்று நான் கேட்டேன்.

ஆகவே, எடுத்துவிடச் சொன்னது தென்றல் அல்ல, நான். அவளுக்கு வந்த சேதி ஒன்றையும் நான் அவளிடம் சொல்லவில்லை. இதைத்தான் குழு கேட்டது, எழுதிவிட்டேன்.

அவளைப் பற்றிக் குழு கவலைப்பட வேண்டாம். வீட்டிலிருந்து இப்போது அவளுக்குப் போன் எதுவும் வருவதில்லை. விடிவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுகிறாள். யாரோடும் பேசுவதில்லை, ஆட்டம் முன்பைவிட மெருகேறியிருக்கிறது. பத்தாம் தேதி மாநில அணிக்கான தேர்வு. தேர்வானால் அவள் வாழ்க்கையே மாறிவிடும். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். இதில் நான் எழுதியிருப்பது எதுவும் பத்தாம் தேதி வரைக்கும் தென்றலுக்குத் தெரிய வேண்டாம்.