அடித்தண்ணி

ஆமாங்க, நானும் அந்தக் கூட்டத்துக்குத்தான் போறேன். உங்க கையில இருக்கற நோட்டீசப் பாத்துட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். சேலத்துல எறங்கி அந்தக் காலேசுக்கு எந்த பஸ்சுல ஏறோணும்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க அங்கயே வாத்தியாருங்களா? நல்லதாப் போச்சு.

சிரிக்கறீங்க. கோழிப்பண்ணக்காரனுக்குக் கடல்ல என்ன வேலன்னுதானுங்க? எருமப்பட்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாளாகும். நான் பாத்தது ஒரே ஒரு தடவ, அதும் ராமேசுரத்துல சாமி கும்புடப் போன கூட்டத்துல. ஆனா அந்த நோட்டீசுல போட்டுருக்குது பாருங்க, கடல் மட்டம் ஏறுனா கரையோரத் தண்ணியில ஆக்சிசன் என்னாகும்னு, அது எனக்கு மனப்பாடமுங்க. டாக்டர் கிருத்திகான்னு போட்டுருக்குதே, அந்தம்மா பேசுன நாலு வீடியோ போன்ல வருது. தெனமும் கோழிக்குத் தீவனம் வெச்சுட்டு வந்து, பக்கத்துத் தோட்டத்துக்காரன் போன வாங்கிப் போட்டுப் பாப்பேன்.

சொல்லட்டுங்களா? எங்க தோட்டத்துக் கெணறு அறுபதடி. தண்ணி பத்தாம இன்னும் முப்பதடி வெட்டுனேன். மேல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அடியில சில்லுன்னு கெடக்கும். ரெண்டும் கலக்காதுங்க. காத்தடிச்சா மேலதான் நாலு சுருக்கம் உழுவும், அடிக்குப் போவாது. உழுந்த எலயெல்லாம் அங்க மக்கி, தண்ணியில இருக்கற காத்தையும், அதான் அந்த ஆக்சிசனையும் தின்னுரும். ஒருநா மோட்டார எறக்கி அடித்தண்ணிய எடுத்தேன், அழுகுன முட்ட நாத்தம். முட்ட நாத்தம் எனக்குத் தெரியாதுங்களா, முப்பது வருசமா அதுலதான பொழப்பு.

கடலும் அப்புடித்தானுங்க. மட்டம் ஏற ஏற ஆழமாவுது. ஆறு வந்து சேர்ற எடத்துல உப்புத்தண்ணி கனம், அடியில நொழஞ்சு படுத்துக்குது. ஆத்துத்தண்ணி லேசு, மேல மூடி போட்ட மாதிரி நின்னுக்குது. காத்தும் அலையும் எவ்வளவு கலக்குனாலும் அடிக்கு எட்டாது. அங்க இருக்கற நண்டு, சிப்பி பாவம், எங்க ஓடும்? ஆனா எல்லா எடத்துலயும் கெட்டே போவுமுன்னு அந்தம்மா சொல்லாதுங்க. உள்ள வர்ற புதுத்தண்ணி காத்தையும் கொண்டாரும், சில எடத்துல நல்லதும் நடக்கும், அளந்து பாத்தாத்தான் தெரியும்னு சொல்லும். நெம்ப நிதானமான புள்ள.

நான் ஒரு கேள்வி கேட்டேனுங்க, வீடியோவுக்குக் கீழ எழுதி. பக்கத்துத் தோட்டத்து மாதேஸ்வரன் போன்ல, அவம் பேருல. காத்து இல்லாமப் போன அடித்தண்ணி திரும்ப நல்லாவுறதுக்கு எத்தன வருசமாகும்னு. மூணாம் நா பதில் வந்துச்சு. நல்ல கேள்வி ஐயா, எடத்துக்கு எடம் மாறும், ஒருநா விரிவாச் சொல்றேன்னு. அந்த ஒரு வரிய எத்தன தடவ வாங்கிப் படிச்சேன்னு தெரியாது. இப்பல்லாம் மாதேஸ்வரன் என்னையக் கண்டாலே போன ஒளிச்சுக்கறான்.

ஊட்டுல ஆருங்களா? நானும் ஏழாயிரம் கோழியும். எம் பொண்டாட்டி ஆத்தாயி போயி ரெண்டு வருசமாச்சு. பொழுதானா ஏழாயிரமும் ஒண்ணாக் கத்தும், ஒண்ணாச்சும் சாப்புட்டியான்னு கேக்குதுங்களா? தனியா இருக்க முடியலைங்க. பேச ஆளில்லாம நாக்கே தடிச்சுப் போச்சு. அதான் உங்ககிட்ட இப்புடிக் கொட்டறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

கொண்டலாம்பட்டி வந்துருச்சா? அப்ப எறங்கறதுக்குள்ள ஒரு ஒதவி கேக்கறனுங்க.

அந்தக் கேள்விய இன்னைக்கு நீங்க எந்திரிச்சுக் கேக்கோணும். சீட்டுல எழுதியே கொண்டாந்துருக்கேன், இந்தாங்க. நான் கேக்கக்கூடாதுங்க. என்னைய முன்னால உக்கார வெக்கவும் வேண்டாம். உங்களுக்குப் பின்னால உக்காந்துக்கறேன், நீங்க நல்ல ஒசரம்.

காரணமாங்க? அந்தம்மா கட்டிக்கிட்டது நாகப்பட்டணத்துப் பக்கம், மீன் புடிக்கற ஊட்டுப் பையனுங்க. நல்ல பையன்னுதான் சொல்றாங்க. கண்ணாலத்தன்னைக்கு எங்க ஒறம்பரையெல்லாம் எங்கூட்டு வாசல்ல கூடி நின்னாங்க. நடுவுல உக்காந்து, செத்தவங்களுக்குப் பண்றாப்புடி தலைமுழுகுனேன், உசுரோட இருக்கறவளுக்கு. அதோட ஒம்பது வருசமாச்சு. ஆத்தாயி செத்ததுக்குக்கூட அவளுக்கு நான் சொல்லி அனுப்புல. நான் பண்ணுனது பெரிய தப்புங்க.

ஆமாங்க, கிருத்திகா எம் மவதான். நான் வாயத் தொறந்தா கொரல வெச்சே கண்டுக்குவா. மேடையில நிக்கற புள்ளைக்கு பாதியில பேச்சு நின்னுரும். நீங்க கேளுங்க. ஒரு வரியில முடிக்க உடாதீங்க, அது எப்புடி, இது எப்புடின்னு கேட்டுக்கிட்டே இருங்க. நீங்க கேக்கறவரைக்கும் அவ பேசிக்கிட்டு இருப்பாளுங்க.