இடது கால் மட்டும் குடுங்கண்ணே

சிரிக்காதீங்கண்ணே. நான் ஒண்ணும் வெளையாட்டுக்குக் கேக்கல. இடது கால் பூட்ஸ் மட்டும் தனியா விப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல... ஜோடியாத்தான் விப்பீங்களா? ஏன்? தேயுறது ஜோடியாவா தேயுது? கிழியுறது ஜோடியாவா கிழியுது? கடைக்காரங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசி வெச்சுக்கிட்ட மாதிரி இதையே சொல்றீங்க. மூலைக் கடையிலயும் இதைத்தான் சொன்னாரு. அவராவது சிரிக்காம சொன்னாரு.

இருங்க, மூட்டையை அவுக்குறேன். அப்பத்தான் உங்களுக்குப் புரியும். இந்தா, பாருங்க. இது ஒண்ணு. இது ஒண்ணு. இது போன மழைக்கு முந்தின மழையில வாங்கினது. இது... இது எப்ப வாங்கினதுன்னு எனக்கே மறந்துபோச்சு. எல்லாமே எங்க வீட்டுக்காரரோடது. எல்லாமே வலது கால். தொட்டுப் பாருங்கண்ணே, பயப்படாதீங்க, தொடச்சுத்தான் கொண்டாந்தேன். எங்கயாவது கிழிசல் இருக்கா? தையல் விட்டிருக்கா? புது மாப்பிள்ளை மாதிரி இருக்குல்ல ஒவ்வொண்ணும்? வீட்டுல இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணுல மாமியார் குடையைச் சொருகி வெச்சிருக்காங்க. இன்னொண்ணுல பூனை குட்டி போட்டிருக்கு. அதை எழுப்ப மனசு வரல.

இடதா? அந்தக் கதையைக் கேக்காதீங்க. ஒண்ணு கூட மிச்சமில்ல. வாங்கின புதுசுல பெட்டிப் பாம்பா இருக்கும். ரெண்டு மழை நனைஞ்சா போதும், முன்னாடி வாயைப் பொளந்துடும். பசை போட்டு ஒட்டுனேன். மேல செங்கல்லைத் தூக்கி வெச்சேன். கம்பியால கூடக் கட்டிப் பாத்தேன். அத்தனையும் பண்ணி அவர் காலை உள்ள விட்டு வண்டியை எடுத்தாருன்னா, சாயங்காலம் திரும்ப வாயைப் பொளந்துக்கிட்டு, "ஆ"ன்னு என்னைப் பாத்துக் கொட்டாவி விட்டுக்கிட்டு வரும்.

பைக் கியர்தான் காரணம், எனக்குத் தெரியாதா? நானும் பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே போறேன். இடது கால் விரலைக் கீழ குடுத்து லீவரைத் தூக்கணும், அப்புறம் மேல மிதிக்கணும். நாள் பூரா அதே வேலை. வலது காலுக்கு என்ன வேலை? பிரேக்கு. சும்மா ராஜா மாதிரி உக்காந்திருக்கும், எப்பவாவது ஒரு அழுத்து. எங்க வீட்டுலயும் அப்படித்தான், ஒருத்தர் ஓடிக்கிட்டே இருப்பாங்க, ஒருத்தர் எப்பவாவது பிரேக் போடுவாங்க... யாரு ஓடுறதுன்னு கேக்காதீங்க.

எங்க வீட்டுக்காரர் மருந்து கொண்டுபோற வண்டி ஓட்டுறாரு. கிடங்குலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு. பின்னாடி ஐஸ் பெட்டி கட்டியிருப்பாங்க. மழைன்னு ஒதுங்க முடியாது, வெயில்னு நிக்க முடியாது, ஐஸ் உருகிடும். காலையில பூட்ஸுக்குள்ள காலை விட்டா வீட்டுக்கு வந்துதான் எடுப்பாரு. எடுத்ததும் ஒரு ஓரமா உக்காந்து விரலை ஒவ்வொண்ணா நீவி விட்டுக்குவாரு. என்னமோ கொழந்தைக்குக் கால் பிடிக்கிற மாதிரி. நான் கூட கிண்டல் பண்ணுவேன், "என்னங்க, எல்லா விரலும் வந்து சேந்துச்சா?"ன்னு.

ஆங், என்ன சொல்லிட்டிருந்தேன்... விலை. உங்க பூட்ஸ் ஒசத்திதான், நான் இல்லேங்கல. கண்ணாடிக்குள்ள வெச்சு மேல விளக்கு வேற போட்டிருக்கீங்க. எங்க கல்யாணத்துல என் தலைக்கு மேல அவ்வளவு வெளிச்சம் போடல. ஆனா இந்த ஒரு ஜோடி விலைக்கு மலிவுல நாலு ஜோடி எடுப்பேனே? நாலும் சேந்து உங்க ஒண்ணு அளவுக்கு உழைக்காதா?... என்னண்ணே தலையை ஆட்டுறீங்க, உழைக்கும்ங்குறீங்களா, உழைக்காதுங்குறீங்களா? கடைக்காரர் தலையாட்டுனா எந்தப் பக்கம்னே தெரிய மாட்டேங்குது.

மீசைக்காரர்னு ஒருத்தர் இவரோட வேலை பாக்குறாரு. உங்க கடையில எடுத்த பூட்ஸுதான் போட்டிருக்காரு. வண்டியை மாத்திட்டாரு, வீட்டை மாத்திட்டாரு, அந்த மீசையைக் கூட எடுத்துட்டாரு, பூட்ஸ் மட்டும் அதே பூட்ஸுதான். அடிப்பாகம் தேஞ்சா உங்ககிட்டக் குடுத்து அடிப்பாகத்தை மட்டும் மாத்திக்குவாராமே. லீவர் படுற எடத்துல ரெட்டைத் தோலு, கணுக்காலுக்கு உள்ள மெத்தை, தண்ணி இறங்காத தையலு... எங்க வீட்டுக்காரர் அதையெல்லாம் எனக்குச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாக்கணுமே. என்னைப் பத்திப் பேசி அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததே இல்ல.

அதனாலதான் அவரைக் கடைப் பக்கமே விடுறதில்ல. விட்டா நேரா அந்தக் கண்ணாடியைத்தான் கை காட்டுவாரு. ஸ்கூலுக்குப் போற பொண்ணு இருக்கு, வீடு இருக்கு, எல்லாம் பாக்கணும்ல? நானே போயிடுவேன். அளவுக்கு வலது பூட்ஸைக் கையில எடுத்துக்குவேன். கிழிஞ்சதைத் தூக்கிட்டுப் போனா கடைக்காரனுக்கு இளக்காரம் பாருங்க. நல்லா இருக்குறதைக் காட்டி, "இதே அளவு குடுங்க"ன்னு கேப்பேன். பேரம் பேசி, வாங்கிட்டு வந்து வாசல்ல வெச்சுடுவேன். அவரும் ஒண்ணும் சொல்லாம காலை விட்டுட்டுப் போயிடுவாரு. நல்ல மனுஷன்...

போன வாரம் வரைக்கும்.

இல்ல, அது வந்து... சரி விடுங்க. நீங்க அந்தக் கறுப்பு ஜோடியை எடுங்க, சும்மா பாக்குறேன்... என்ன கனம் கனக்குது! தூங்குற புள்ளையைத் தூக்குன மாதிரி.

விழுந்துட்டாருண்ணே. மழையில, திருப்பத்துல. கியரை மாத்தப் போன நேரம், பொளந்துக்கிட்டிருந்த அந்த அடித்தோல் லீவர்ல மாட்டிக்கிச்சு. காலை எடுக்க முடியல, ஊனவும் முடியல. வண்டி அப்படியே சாஞ்சிருச்சு. ஐஸ் பெட்டிக்கு ஒரு கீறல் இல்ல, அதை மட்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாராம். முட்டிதான் வீங்கிப்போச்சு. பின்னாடி லாரி வந்திருக்கு. லாரிக்காரர் பிரேக் போட்டாரு. போட்டாரு, அதனால நான் இங்க உக்காந்து உங்ககிட்ட விலை பேசிக்கிட்டிருக்கேன்.

தண்ணி எல்லாம் வேணாண்ணே. நல்லாத்தான் இருக்கேன்.

இப்ப வீக்கம் வடிஞ்சிருச்சு. நாளைக்கு வேலைக்கு வரலாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. ஆனா கணுக்காலை மூடுற ஒழுங்கான பூட்ஸ் இல்லாம வந்தா வண்டிச் சாவியைக் குடுக்க மாட்டாராம். அந்த ஆளு மேல கோவப்பட முடியுமா? எனக்கு இருக்குற பயம்தானே அவருக்கும். ஆனா சாவி இல்லைன்னா சம்பளம் இல்லையே. அதான், இடது மட்டும் நல்லதா உங்ககிட்ட எடுத்துட்டு, வலதுக்கு இந்த மூட்டையில ஒண்ணைப் போட்டு விட்டா ரெண்டு பக்கமும் வழி ஆச்சேன்னு... கறுப்புக்குக் கறுப்பு, யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க? வலது மட்டும் கிழியுற வீடு ஒண்ணு எங்கயாவது இருக்காதா? இருந்தா சொல்லுங்க, சம்பந்தம் பண்ணிக்கலாம்.

விழுந்ததுலேர்ந்து என்கிட்டப் பேச்சு இல்லண்ணே. சண்டையும் இல்ல. தண்ணி வேணுமாங்க? வேணும். வலிக்குதாங்க? இல்ல. அவ்வளவுதான். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருக்கேன், அவர் கூரையைப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஒரு ஆளு பேசிக்கிட்டே இருந்து இன்னொரு ஆளு வாயே திறக்கலைன்னா எவ்வளவு கஷ்டம் தெரியுமா?... என்னண்ணே, தெரியும்ங்குற மாதிரி பாக்குறீங்க?

யாரு, வாசல்ல வண்டி நிக்குது... அட, மீசைக்காரரு! பின்னாடி... ஐயோ, இவரு எங்க வந்தாரு? ஏங்க! மெதுவா, மெதுவா, படி இருக்கு. வீட்டுல படுத்திருங்கன்னுதானே சொல்லிட்டு வந்தேன்? பாத்தீங்களாண்ணே, என்னை நம்பாம வந்திருக்காரு. நான் திரும்பவும் மலிவுல எதையாவது தூக்கிட்டு வந்துடுவேன்னு சாட்சியோட வந்திருக்காரு... மூட்டையை ஏங்க பாக்குறீங்க? அது... சும்மா, காத்தாடக் கொண்டாந்தேன்.

உக்காருங்க. அண்ணன் கால் அளவு எடுக்கணுமாம். எதுக்குண்ணே எடுக்கணும், அதான் அளவுப் பூட்ஸ் கொண்டாந்திருக்கேனே? சரி, உங்க திருப்திக்கு எடுத்துக்குங்க. இந்தப் பலகை மேல வைங்க. வலது... பாத்தீங்களா, நான் சொன்ன அதே அளவு! என் கணக்கு எப்பவும் தப்பாது. இப்ப இடது...

என்னண்ணே, திரும்ப வெக்கச் சொல்றீங்க? குதிகாலை நல்லாத் தள்ளி வைங்களேங்க... இது என்னது? கட்டை விரல் கோட்டைத் தாண்டி நிக்குதே. வீக்கமா? வீக்கம் முட்டியில தானே இருந்துச்சு... வீக்கம் இல்லையா?

ஒரு அளவு பெருசா? பொறந்ததுலேர்ந்தேவா? நெறையப் பேருக்கு அப்படித்தான் இருக்குமா? பெரிய காலுக்கு அளவு எடுத்துட்டு, சின்னக் காலுக்கு உள்ள ஒரு மெத்தையைப் போட்டுட்டாச் சரியா? இவ்வளவுதானா விஷயம்?

அப்போ... நான் ஒவ்வொரு தடவையும் வலதைத் தூக்கிட்டுப் போயி... அதை வெச்சு...

இருங்கண்ணே. அப்போ அந்த மலிவு பூட்ஸும் சரியான அளவுல எடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் உழைச்சிருக்குமா?... பாருங்க, இதுக்கு மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குறீங்க. நல்ல வியாபாரிண்ணே நீங்க.

ஏங்க, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? இடது இறுக்குதுடின்னு ஒரு வார்த்தை? வாய் இருக்குல்ல? என்னது... நான் பேச விட்டாத்தானேவா? மீசைக்காரரே, நீங்க எதுக்குச் சிரிக்குறீங்க? இல்லாத மீசையைத் தடவிக்கிட்டு!

சரி சரி, குடுங்கண்ணே, அந்தக் கறுப்பையே குடுங்க. கண்ணாடியில இருக்குறது. அவர் அளவுல. இல்ல, மூட்டை வேணாம், ஜோடியாவே குடுங்க. நான் போட்டு விடுறேன், அவர் குனிய வேணாம். மொதல்ல இடது. கால் விரலை மடக்காதீங்க. அட, ஏங்க மடக்குறீங்க? நேரா விடுங்க... உள்ள போனதும் தானா மடக்கிக்குறாரு பாருங்கண்ணே. நீட்டுங்க. எடம் இருக்குங்க. இன்னும் நீட்டுங்க... போயிருச்சா? குதிகால் உக்காந்துச்சா? எந்திரிச்சு நில்லுங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க.

எப்படி இருக்கு?

ஏங்க, எப்படி இருக்குன்னு கேட்டேன். கீழயே பாத்துக்கிட்டிருந்தா எப்படி?

...என்னங்க?

எனக்குச் சரியாக் கேக்கல. திரும்பச் சொல்லுங்க.

கேட்டீங்களாண்ணே? பூட்ஸ் போட்டுக்கிட்டு வலிக்காமலும் நிக்க முடியுமான்னு கேக்குறாரு. பூட்ஸுன்னாலே அப்படித்தான் வலிக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தாராம். எல்லாருக்கும்தான் வலிக்குது, எல்லாரும்தான் ஓட்டுறாங்கன்னு...

அண்ணே... நீங்களாவது ஏதாவது பேசுங்களேன்.