தெங்கேராவில் நிற்க வேண்டிய வண்டி

டூ ஸ்ட்ரோக் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு அந்த இருவர் நினைவு வரும். மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குச் சில வாரங்கள் இருந்தன. காஜா பேராங் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்துப் பட்டறையில் ஒரு பெரியவர் மெக்கானிக்கிடம் சொன்னார்:

“தம்பி, கார்புரேட்டரை ரொம்ப நல்லா ட்யூன் பண்ணிடாதே.”

அந்த மெக்கானிக் பெரியவரின் மோட்டார் சைக்கிளை நான்கு சக்கர வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தார். நடக்க முடியாத மனைவியை மெர்டேக்கா ஊர்வலத்துக்கு அழைத்துப்போகத்தான் அது.

“எல்லாரும் வண்டி ஓடணும்னு வருவாங்க. நீங்க நிக்கணும்ங்கிறீங்களே அண்ணே!”

“ஊர்வலத்துக்குப் போற வழியில, தெங்கேராவுல அவ அக்கா வீட்டு வாசல்ல நின்னா போதும். அம்மாவோட தையல் மெஷினுக்காகச் சண்டை போட்டு, ரெண்டு பேரும் பேசியே வருசக்கணக்காச்சு. நானா நிறுத்தினா இவ என்னைக் கொன்னுடுவா.”

மெக்கானிக் சிரித்தார். “அதுக்கு ஏன் ட்யூனிங்கைக் கெடுக்கணும்? முச்சந்தியில டேங்குக்குக் கீழ இருக்கிற பெட்ரோல் குழாயை மூடிடுங்க. கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கிறது அந்த வாசல் வரைக்கும்தான் இழுக்கும். முன்னாடியே ஓட்டிப் பாத்துக்கலாம் லா.”

“அவ கண்டுபிடிச்சிட்டா?”

“அது உங்க பாடு.”

மெர்டேக்கா அன்று அந்த வண்டியைத் தெங்கேராவில் பார்த்தேன். மனைவியின் இருக்கை காலி. வீட்டுக்குள் இரண்டு பெண்களின் குரல் உரக்கக் கேட்டது.

“தள்ளிவிடவா அண்ணே?” என்றார் வழியில் போன ஒருவர்.

வாசலில் நின்ற பெரியவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

“வேணாம்பா, நிக்கட்டும். இப்பதான் ரெண்டு பேரும் சண்டை போடவே ஆரம்பிச்சிருக்காங்க.”